சார்ஜரின் முதுகில் உள்ள எழுத்து



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம்மவர்களில் பலர் பெட்டி கட்டத் தொடங்கிவிடுகிறோம். ஒரு குடும்பம் திருப்பதிக்குப் போகிறது. இன்னொரு குடும்பம் திருச்சியில் இறங்கி உறவினர் ஊருக்குப் போகிறது. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் பெற்றோர் புறப்படுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் துணிமணி, கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவில் பலகாரம் என்று ஒரு வாரமாக வாங்கிச் சேர்க்கிறோம். ஆனால் கைப்பேசிக்கு மின்னேற்றுகிற சார்ஜரை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அது படுக்கைக்குப் பக்கத்துச் சுவரிலேயே செருகிக் கிடக்கும். விமான நிலையத்தில் போய் நின்ற பிறகுதான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு கடை பளபளவென்று விளக்குப் போட்டு நமக்காகக் காத்திருக்கும்.

இன்றைய பேச்சு அந்தக் கடையைப் பற்றியது. விமான நிலையத்தில் சார்ஜர், அடாப்டர், பவர் பேங்க் முதலியவற்றை வாங்கும் நிலை நமக்கு ஏன் வருகிறது, வாங்கத்தான் வேண்டுமென்றால் எதைப் பார்த்து வாங்குவது என்பதைக் காண்போம். முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற பள்ளி விடுமுறையில் 75 வயதான என் அம்மாவைத் திருச்சிக்கு அழைத்துப் போனேன். அம்மா பால்மரம் சீவியவர். 1969-ஆம் ஆண்டில் வெளிநாட்டவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற நிலை வந்தபோது, குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் அல்லவா? அவர்களோடு என் தாத்தாவும் பாட்டியும் பெரிய மாமாவும் கப்பலேறினார்கள். அம்மாவுக்கு அப்போது திருமணம் முடிந்திருந்தது. அதனால் இங்கேயே தங்கிவிட்டார். அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்து 50 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. முசிறிப் பக்கம் இருக்கும் மாமாவைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். வீட்டில் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. அவரைத் தம்பியிடம் விட்டுவிட்டு, "தினமும் இரவு போன் பண்ணுகிறேன்" என்று சொல்லிப் புறப்பட்டோம்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, அங்கிருந்து விரைவு ரயில் ஏறினோம். இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடப் பயணம். குடிநுழைவுச் சோதனையெல்லாம் முடிந்து உள்ளே போய் உட்கார்ந்த பிறகு கைப்பேசியைப் பார்த்தேன். 12 விழுக்காடு மின்சாரம்தான் இருந்தது. கைப்பையைத் துழாவினேன். சார்ஜர் இல்லை. மாமா மகனின் தொலைபேசி எண்ணும், போகவேண்டிய ஊரின் விலாசமும், விமானச் சீட்டும்கூட அந்தக் கைப்பேசிக்குள்தான் இருந்தன. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கடைக்கு ஓடினேன். அங்கிருந்த தம்பி மரியாதையான பிள்ளை. "எந்த ஊருக்கு அக்கா?" என்றார். "இந்தியாவுக்கு" என்றேன். "அப்படியென்றால் உலகத்துக்கே பொருந்தும் அடாப்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜரும் கம்பியும் இதோ. வழியில் தீர்ந்துபோனால் பவர் பேங்க் வேண்டுமே" என்று மூன்றையும் எடுத்து வைத்தார். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். இது என் கைப்பேசிக்குப் பொருந்துமா, அடாப்டர் உண்மையிலேயே தேவையா என்று கேட்க வாய் வரவில்லை. டீச்சராக இருந்துகொண்டு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைப்பார்களோ என்ற கூச்சம்தான் காரணம். அடாப்டர் 79 வெள்ளி, சார்ஜரும் கம்பியும் 95 வெள்ளி, பவர் பேங்க் 139 வெள்ளி. மொத்தம் 313 வெள்ளி. அட்டையை நீட்டினேன். அம்மா "எவ்வளவும்மா?" என்று கேட்டார். "அறுபது" என்று பொய் சொன்னேன்.

மாமா வீட்டில் அந்த உலக அடாப்டரைச் சுவரில் செருகினால் அது ஆடியது. கையை எடுத்தால் சாய்ந்தது. ஒரு தடவை படபடவென்று பொறி பறந்தது. மாமா மகன் அதைப் பிடுங்கிவிட்டு, தெருமுனை மின்கடையில் 60 ரூபாய்க்கு உருண்டைக் கால் வைத்த ஒரு மாற்றுப் பிளக் வாங்கி வந்தார். அன்றிரவு அதிலே மின்னேற்றித்தான் அப்பாவோடு பேசினோம்.

இரண்டு நாள் கழித்து அம்மா என் கைப்பையில் மாத்திரை தேடும்போது ரசீது அகப்பட்டுவிட்டது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இலக்கம் தெரியும். என்னைத் திட்டவில்லை. "கேட்கக் கூச்சப்பட்டியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பழைய கதை ஒன்றைச் சொன்னார்.

எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் ஒரே கடை. வேறு கடைக்குப் போக வேண்டுமென்றால் டவுனுக்குத்தான் போக வேண்டும். பஸ் ரோட்டுக்கே நெடுந்தூரம் நடக்க வேண்டும். மாதம் முழுவதும் பற்றுக்கு வாங்குவார்கள். கடைக்காரர் 555 என்று அட்டையில் போட்ட சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் அவர் சொல்வதுதான் கணக்கு. என் அம்மா என்ன செய்தார் தெரியுமா? அரிசி வாங்கினால் அடுப்படிச் சுவரில் கரியால் நெட்டுக்கோடு. பருப்புக்குச் சாய்கோடு. எண்ணெய்க்கு வட்டம். சம்பள நாளில் கடைக்காரரை ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லி, தன் கோடுகளோடு ஒத்துப் பார்த்துத்தான் காசு கொடுப்பாராம். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் அவர் கூச்சப்பட்டதில்லை.

நேயர்களே! எழுதப் படிக்கத் தெரியாத தாய் கணக்குக் கேட்டு வாங்கினார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த மகள் கையில் கொடுத்ததை வாங்கினாள். இதை நினைத்துத்தான் இந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டேன்.

விமான நிலையக் கடையும் ஒரு வகையில் தோட்டத்துக் கடைதான். சோதனை முடிந்து உள்ளே போய்விட்டால் வெளியே வந்து வேறு கடை பார்க்க முடியாது. கடைக்காரருக்கோ வாடகை அதிகம்; இரவு பகலாக ஆள் வைக்க வேண்டும். விலை கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. அந்தத் தம்பி மேலும் குற்றமில்லை. ஆனால் ஒரு மயக்கத்தை மட்டும் நாம் விட்டுவிட வேண்டும். 'வரியில்லாக் கடை' என்ற பெயரைப் பார்த்தவுடன் எல்லாமே மலிவு என்று எண்ணுகிறோம். விமான நிலையத்தில் வரியில்லாக் கடை வைக்கும் வழக்கம் 1947-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் தொடங்கியது. மது, புகையிலை போன்ற, அதிக வரி உள்ள பொருள்களுக்குத்தான் அதனால் பெரிய பலன். கணினி, கைப்பேசி முதலிய பல மின்னணுப் பொருள்களின் இறக்குமதி வரியை நீக்குவதற்கு 1996-ஆம் ஆண்டிலேயே உலக வாணிப நாடுகள் பல உடன்பாடு கண்டன. மலேசியாவும் அதில் சேர்ந்த நாடு. இல்லாத வரியைத் தள்ளுபடி செய்தால் விலை எப்படிக் குறையும்? ஊர் திரும்பிய பிறகு பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தேன். அதே தரத்தில் மூன்று பொருளும் சேர்ந்து 130 வெள்ளிக்குள் அடங்கின.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? அதற்கான விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். அதன் முதுகில் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்து இருக்கும். 'இன்புட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை, 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதா? அப்படியானால் அந்தச் சார்ஜர் உலகத்தில் அநேகமாக எந்த நாட்டு மின்சாரத்தையும் ஏற்றுக்கொள்ளும். கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜர்கள் பெரும்பாலும் இவ்வகைதான்.

நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அதே 230 வோல்ட்தான். ஜப்பானில் 100 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். சார்ஜருக்கு இது பொருட்டல்ல. ஆனால் தலைமுடி உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி, சோற்றுப் பானை இவற்றின் முதுகில் 220 முதல் 240 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், அமெரிக்காவில் அவை சரியாக வேலை செய்யா. இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். அடாப்டர் என்பது காலின் வடிவத்தை மட்டும் மாற்றுகிற பொருள். மின்னழுத்தத்தை அது மாற்றாது. அழுத்தத்தை மாற்ற வேண்டுமானால் அதற்கு வேறு கருவி. கனமும் விலையும் கூடுதல். ஆகவே சூடு தருகிற கருவிகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

அடுத்தது காலின் வடிவம். நம் பிளக்குக்கு மூன்று தட்டைக் கால்கள். இந்த அமைப்பு 1947-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வகுக்கப்பட்டது. நீளமான மேல்கால் நிலத்தொடர்புக்கானது. அது முதலில் உள்ளே போய், கீழே உள்ள இரண்டு துளைகளை மூடியிருக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. குழந்தைகள் ஆணியைச் செருகி மின்சாரத்தில் சிக்காமல் இருப்பதற்காகவே அந்தக் கதவு. நம் வீடுகளில் சிலர் இரண்டு கால் பிளக்கைச் செருகுவதற்காகப் பேனாவையோ குச்சியையோ மேல் துளையில் குத்திக் கதவைத் திறக்கிறார்கள். என் மாணவர்களும் இதை வீட்டில் கற்றுக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஐந்தாறு வெள்ளியில் அதற்கென்றே மாற்றுப் பிளக் கிடைக்கிறது.

சிங்கப்பூர், ஹாங்காங், பிரிட்டன் ஆகிய இடங்களுக்குப் போகிறவர்களுக்கு அடாப்டரே வேண்டாம். அங்கேயும் நம் பிளக்தான். இந்தியாவில் மூன்று உருண்டைக் கால்கள். உலகத்துக்கே பொருந்தும் என்று விற்கப்படும் அடாப்டர்களில் பலவற்றில் ஐரோப்பிய நாடுகளுக்கான மெல்லிய உருண்டைக் கால்களே இருக்கின்றன. அவற்றின் தடிமன் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். இந்தியாவின் பழைய துளைகள் 5 மில்லிமீட்டர் காலுக்குச் செய்தவை. அதனால்தான் என் அடாப்டர் மாமா வீட்டில் ஆடியது. தொடர்பு தளர்ந்தால் சூடேறும், பொறி பறக்கும். இந்தியா போகிறவர்கள் 'இந்தியப் பிளக்' என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இங்கே வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சார்ஜர் மறந்துபோனாலும் உடனே பதற வேண்டாம். இப்போது வரும் கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றுக்கு யு.எஸ்.பி.-சி என்ற ஒரே வகை வாய்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய கைப்பேசிகளுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டது. ஐபோனும் 2023-ஆம் ஆண்டிலேயே அதற்கு மாறிவிட்டது. போகிற வீட்டில் யாரிடமாவது அந்தக் கம்பி இருக்கும். எனக்கு மாமா மகனின் சார்ஜரே பொருந்தியிருக்கும். கேட்காமல் வாங்கியது என் தவறு.

அடுத்து, பவர் பேங்க். இதை வெறும் விலை விஷயமாக எண்ணக்கூடாது. இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. இதற்குள் இருப்பது லித்தியம் மின்கலம். சிறிய இடத்தில் நிறைய ஆற்றலை அடைத்து வைத்த பொருள். உள்ளே பழுதானால் தானே சூடேறி, அந்தச் சூட்டாலேயே மேலும் சூடேறித் தீப்பிடிக்கும். 2025 ஜனவரி 28-ஆம் நாள் தென்கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் வெளியேறித் தப்பினார்கள். மேலே பெட்டி வைக்கும் இடத்தில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை அதிகாரிகள் தெரிவித்தார்கள். அதன்பின் பல நாடுகளில் விதிகள் இறுகின. மலேசியா ஏர்லைன்ஸ் நிறுவனமும் 2025 ஏப்ரல் 1 முதல், பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தக்கூடாது, மேல் அறையில் வைக்கக்கூடாது என்று விதித்தது.

பவர் பேங்கை அனுப்பும் பெட்டியில் போடக்கூடாது. கையோடுதான் எடுத்துப் போக வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் யார் கண்ணிலும் உடனே படாது. பக்கத்தில் போய் அணைக்கவும் ஆளில்லை. இது தெரியாமல் திரும்பி வரும்போது நான் அதைத் துணிகளுக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டேன். திருச்சியில் என் பெயரைக் கூப்பிட்டு, எல்லார் முன்னிலையிலும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அம்மா எனக்குப் பக்கத்தில் நின்றார்.

பவர் பேங்கின் முதுகிலும் எழுத்து உண்டு. விமானத்தில் பொதுவாக 100 வாட்-மணி வரை கொண்டு போகலாம். 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கூடாது. வாட்-மணி எழுதியிராவிட்டால், எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும் எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள். 10,000 என்றால் 37 வாட்-மணி. 20,000 என்றால் 74. 27,000 என்றால் ஏறத்தாழ 100. 30,000 என்று போட்டதை வாங்கினால் 111 ஆகிவிடும். அனுமதி கேட்டு நிற்க வேண்டும். எழுத்தே இல்லாத பொருளையும், எழுத்து அழிந்துபோன பொருளையும் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடலாம். சீனாவில் உள்நாட்டு விமானங்களில், அந்நாட்டின் 3சி முத்திரை இல்லாத பவர் பேங்குகளுக்கு 2025 ஜூன் 28 முதல் தடை. விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. பெட்டி கட்டுமுன் உங்கள் விமான நிறுவனத்தின் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், விமான நிலையத்தில் வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மறதி எல்லார்க்கும் வரும். வாங்க நேர்ந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "இது என் கைப்பேசியின் வாய்க்குப் பொருந்துமா? நான் போகும் நாட்டுச் சுவருக்குப் பொருந்துமா? இதன் விலை எவ்வளவு?" மூன்றுக்கும் பதில் வந்த பிறகு, எது இல்லாமல் முடியாதோ அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள். காத்திருக்கும் கூடத்தில் மின்னேற்ற வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், வாங்கிய பொருளை அங்கேயே செருகிச் சோதியுங்கள். பழுதென்றால் விமானம் ஏறுமுன் திருப்பிக் கொடுக்கலாம்.

ரசீதை எறிந்துவிடாதீர்கள். நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் தீர்ப்பாயம் ஒன்று இருக்கிறது. பழுதான பொருளை விற்றவர் மாற்றித் தர மறுத்தால் அங்கே மனுச் செய்யலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ஆனால் ரசீது வேண்டும். 1969-ஆம் ஆண்டில் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இத்தகைய செய்திகளைத் தமிழிலும் வெளியிட்டு வந்திருக்கிறது. படிக்கக் கிடைத்தால் படியுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு நான் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். பழைய பென்சில் பை ஒன்றில் ஒரு சார்ஜர், ஒரு கம்பி, திருச்சியில் வாங்கிய அந்த உருண்டைக் கால் பிளக் ஆகியவற்றைப் போட்டு, கடப்பிதழோடு ஒரே இழுப்பறையில் வைத்துவிட்டேன். கடப்பிதழை எடுத்தால் பையும் கைக்கு வரும். முக்கியமான நான்கு தொலைபேசி எண்களையும் ஒரு விலாசத்தையும் தாளில் எழுதி அதிலேயே மடித்து வைத்திருக்கிறேன். கைப்பேசி அணைந்தாலும் தாள் அணையாது அல்லவா?

என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் வீட்டிலுள்ள சார்ஜர்களின் முதுகைப் படித்து, வோல்ட் எண்ணைக் குறித்து வரும்படி சொன்னேன். மறுநாள் ஒரு பையன், "டீச்சர், என் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். மிக்ஸியின் முதுகையும் வாசிக்கச் சொன்னார்" என்றான். நேயர்களே, நீங்களும் இன்றிரவு உங்கள் வீட்டுச் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பிப் பாருங்கள். எழுத்து சிறிதாக இருந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பயணம் இனிதாகட்டும்.